அழுவதற்கு இரண்டு மணி நேரம்

எங்கள் பகுதியில் ஒரு சாவு விழுந்தால், முதல் அழுகை அடங்கியதும் எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான். எப்போது எடுக்கிறார்கள்? அதற்கு வீட்டுக்காரர்களிடம் பதில் இருக்காது. பாஸ்டரிடமும் இருக்காது. ஐஸ்பெட்டிக்காரர் வந்து சொன்னால்தான் உண்டு.

அவருக்குப் பெயர் இருந்திருக்கும். நான் கேட்டதில்லை. என் போனில் 'ஐஸ்பெட்டி' என்று போட்டு வைத்திருந்தேன். கிழக்குத் தாம்பரத்தில் பாதிப் பேர் அப்படித்தான் வைத்திருந்தார்கள். சானடோரியம் பக்கம் ஒரு டயர் கடையை ஒட்டிய தகரக் கொட்டகையில் அவருடைய பெட்டி இருந்தது. ஒரே ஒரு பெட்டி. கண்ணாடி மூடி, உள்ளே ஸ்டீல் தட்டு, கால்மாட்டில் கம்ப்ரஸர். குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு அவரே ஓட்டி வருவார். ஒல்லியான, உயரமான மனிதர். ஐம்பதைத் தாண்டியிருப்பார். சாவு வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் போட்டது போட்டபடி ஓடிவரும்போது அவர் மட்டும் இஸ்திரி போட்ட சட்டையில் வந்து நிற்பார். ஒருமுறை யாரோ அதைப் பற்றிக் கேட்டபோது, "ஒருத்தரு கடைசியா படுக்கற எடத்த கொண்டாறேன். அழுக்குச் சட்டையோட வரலாமா?" என்றார்.

பெட்டியை இறக்கி, வயரை மாட்டி, கம்ப்ரஸர் ஓடுகிற சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்பார். பிறகு அந்த வீட்டில் யார் குறைவாக அழுகிறார்களோ அவரிடம் போவார்.

"வெளியூர்லேர்ந்து யார்னா வரணுமா?"

ஊர்ப் பெயரைச் சொன்னால் போதும். தரையைப் பார்த்துக்கொண்டே கணக்குச் சொல்வார்.

"லண்டனா? நேரா வர்ற ஃப்ளைட் கெடச்சா பத்து, பத்தரை மணி நேரம். இல்லாங்காட்டி துபாய்ல எறங்கி ஏறணும், பதினஞ்சு வெச்சுக்கோங்க. அங்க ஏர்போர்ட்டுக்கு மூணு மணி நேரம் முன்னாடி போவணும். இங்க எறங்கி வெளிய வர ஒரு மணி. பல்லாவரம், குரோம்பேட்டை தாண்டி வர ஒரு மணி நேரம்." இதற்கு மேல் ஒரு கணம் நிறுத்திவிட்டுச் சொல்வார்: "அழுவறதுக்கு ரெண்டு மணி நேரம் சேத்துக்கணும்."

நான் முதன்முதலில் அதைக் கேட்டது எங்கள் தெருக்கோடியில் இருந்த ஓய்வுபெற்ற ரயில்வே அதிகாரி இறந்த அன்று. புரியாமல் அவரிடமே கேட்டேன்.

"சேதி கேட்டவொடனே யாரும் கெளம்ப மாட்டாங்க டீச்சர். அழுவாங்க. அப்பறம் பாஸ்போர்ட்ட தேடுவாங்க. வெச்ச எடம் நெனப்பு வராது. அதுக்குள்ள ரெண்டு மணி நேரம் ஓடிப்பூடும். பறக்கற நேரத்த மட்டும் பாத்துக்கினு டைம் சொல்றவன்தான் சாவு வூட்ல பேஜார் பண்றான்."

அந்த ரயில்வேக்காரருக்கு இரண்டு மகன்கள். ஒருவன் சான் பிரான்சிஸ்கோவில், இன்னொருவன் ஜோகன்னஸ்பர்கில். அமெரிக்காக்காரன் வருவதற்கு இரண்டு நாளாகும், ஆப்பிரிக்கா பக்கம்தானே, அவன் நாளைக் காலையே வந்துவிடுவான் என்று உறவினர்கள் ஆளுக்கொரு பக்கம் பேசிக்கொண்டிருந்தார்கள். ஐஸ்பெட்டிக்காரர் குறுக்கே வந்தார். "பக்கம் இன்னான்னு பாக்காதீங்க சார். எத்தினி எடத்துல எறங்கி ஏறணும்னு பாருங்க. ரெண்டு பேரும் ஒரே சாயங்காலம் வந்து நிப்பாங்க." அப்படியேதான் ஆனது. இரண்டு டாக்ஸிகள் பத்து நிமிட இடைவெளியில் எங்கள் தெருவுக்குள் நுழைந்தன.

அவர் விமானத்தில் ஏறியதே இல்லை. இந்தக் கணக்கெல்லாம் செத்தவர்களின் வீடுகளில் கற்றது. யார் எங்கிருந்து எத்தனை மணிக்குக் கிளம்பினார்கள், எத்தனை மணிக்கு வாசலில் வந்து விழுந்து அழுதார்கள் என்று ஒவ்வொரு வீட்டிலும் பார்த்துப் பார்த்து மனதில் ஏற்றிக்கொண்டிருந்தார். "மேல போற பிளேன பாத்தா எனக்கு வேற ஒண்ணும் தோணாது டீச்சர். எந்த வூட்லயோ ஒரு பெட்டி ஓடிக்கினு கீதுன்னு தோணும்" என்று ஒருநாள் சொன்னார்.

சேலையூரில் ஒரு கிழவி இறந்தபோது மகன் தம்மாமில் இருந்தான். கட்டட வேலை. விமானத்தில் ஐந்து மணி நேரம்கூடப் பிடிக்காத தூரம்தான். "பறக்கறது அஞ்சு மணி நேரம். மொதலாளி கையெழுத்துப் போடறதுக்கு மூணு நாளு" என்றார் ஐஸ்பெட்டிக்காரர். மூன்று நாளும் பெட்டியை அங்கிருந்து எடுக்கவில்லை. மின்சாரம் போய்ப் போய் வந்த கோடைக்காலம் அது. எங்கிருந்தோ ஜெனரேட்டர் கொண்டுவந்து வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பெட்டி எந்த வீட்டிலும் ஒரு நிமிடம்கூட நின்றதில்லை என்பதுதான் அவருடைய ஒரே பெருமை.

இன்னொரு பழக்கமும் இருந்தது. அவ்வப்போது வந்து கண்ணாடி மூடியை விரலால் இரண்டு முறை தட்டி, உள்ளே இருப்பவரிடம் பேசுவார். கேலியாக அல்ல, மருத்துவமனையில் வார்டு ஆயா நோயாளியிடம் பேசுவதைப் போல. "பையன் துபாய்ல ஏறிட்டாராம்மா. இன்னும் ஆறு மணி நேரம்." கொஞ்சம் கழித்து, "மீனம்பாக்கத்துல எறங்கிட்டாரு. வந்துகினே கீறாரு. கொஞ்சம் பொறுத்துக்கோ." முதலில் சிரிப்பு வரும். அந்த வீட்டிலேயே இருந்துவிட்டால் வராது.

இனி எங்கள் வீட்டுக்கு வருகிறேன்.

நானும் அம்மாவும் கிழக்குத் தாம்பரத்தில் இருந்தோம். அப்பா முன்பே போய்விட்டார். நான் மேடவாக்கத்தில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பி மெல்போர்னில். அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து நாலு வருடம் படுக்கை. அந்த நாலு வருடத்தில் அவன் ஒரு முறை வந்தான். ஒன்பது நாள் இருந்தான். அம்மாவுக்கு அது போதுமானதாக இருந்தது. நான் கஞ்சி ஊட்டும்போது, "தம்பி சாப்பிட்டானா?" என்பாள். துணி மாற்றும்போது, "அவன் எப்ப வர்றான்?" என்பாள். கடைசி ஆறு மாதம் என்னையே அவன் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டாள். நானும் அவன் பெயருக்கு 'ம்' கொட்டப் பழகிக்கொண்டேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு அம்மா போனாள். பதினொரு மணிக்குத் தம்பியிடம் பேசினேன். ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். பெரியம்மாவும் பாஸ்டரும் பக்கத்து வீட்டுக்காரர்களும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"எல்லாத்திலயும் பார்த்துட்டேன்க்கா. வியாழக்கிழமை வரைக்கும் ஒரு சீட்கூட இல்ல. நீங்க காத்திருக்க வேண்டாம். நான் வீடியோவுல பார்த்துக்கறேன்." சொல்லிவிட்டு அழுதான்.

நாகர்கோவிலிலிருந்து மாமா குடும்பம் இரவு ரயிலில் வந்து காலையில் தாம்பரத்தில் இறங்கிவிடும் என்பதால் புதன்கிழமை பதினொரு மணிக்கு அடக்கம் என்று பாஸ்டர் முடிவு செய்தார். ஐஸ்பெட்டிக்காரர் பெட்டியைக் கொண்டுவந்தார். அம்மாவைத் தூக்கி வைக்கும்போது தலையை அவர்தான் தாங்கினார்.

அன்று மாலை ஏழு மணிக்கு மறுபடியும் போன் வந்தது. நான் சமையலறையில் தனியாக இருந்தேன். மெல்போர்ன் விமான நிலையத்திலிருந்து தம்பி மூச்சு வாங்கப் பேசினான். அங்கே நள்ளிரவு தாண்டியிருந்தது.

"அக்கா, ஒரு சீட் கிடைச்சிருச்சு! கோலாலம்பூர் வழியா. நாளைக்கு மத்தியானம் பன்னிரண்டு மணிக்குச் சென்னையில இறங்கிடுவேன். எல்லார்கிட்டயும் சொல்லிடு. சாயங்காலம் எடுக்கச் சொல்லு. போர்டிங் ஆரம்பிச்சுட்டாங்க, வைக்கிறேன்."

நான் "சரி" என்றேன். போனை அணைத்து அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்தேன். கூடத்துக்குப் போனேன். யாரிடமும் சொல்லவில்லை.

ஏன் என்று இத்தனை வருடமாக எனக்கு நானே பல விதமாகச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். உயிரோடு இருந்தவரை அவனுக்காகவே காத்திருந்தாள், செத்த பிறகும் காத்திருக்க வேண்டுமா என்று நினைத்தேன் என்பேன். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. உண்மை அது இல்லை. அவன் வந்தால் மறுபடியும் எல்லோரும் அவனைத்தான் கட்டிக்கொண்டு அழுவார்கள். அம்மாவின் மகன் வந்துவிட்டான் என்பார்கள். நாலு வருடம் மலம் அள்ளியவள் காபி போடப் போக வேண்டும். ஒரே ஒரு நாள் அம்மா எனக்கு மட்டும் அம்மாவாக இருக்கட்டும் என்று நினைத்தேன். அவ்வளவு கீழான காரணம்தான்.

புதன்கிழமை காலை எட்டு மணிக்கு ஐஸ்பெட்டிக்காரர் வந்தார். கம்ப்ரஸரைத் தொட்டுப் பார்த்தார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"டீச்சர், தம்பி நிச்சியமா வரலையா?"

"வரலை. சீட் இல்லை."

"இல்ல, நான் ஒரு கணக்குப் போட்டு பாத்தேன். நேத்து ராத்திரி அங்க எதுனா கேன்சல் சீட் கெடச்சிருந்தா, இந்நேரம் கோலாலம்பூர்ல ரெண்டாவது பிளேன் ஏறிக்கினு இருப்பாரு. பன்னெண்டுக்கு மீனம்பாக்கம். ரெண்டு மணிக்கு வூட்ல. அதுக்குத்தான் கேட்டேன். பெட்டி ரெண்டு நாளுகூடத் தாங்கும், அத்தப் பத்திக் கவலப்படாதீங்க."

தம்பி சொன்ன அதே நேரம். அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

"அவன் வரலைன்னு சொல்லிட்டேன்ல" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே.

அவர் தலையை ஆட்டினார். பெட்டியிடம் போய்க் கண்ணாடியை இரண்டு முறை தட்டினார். "யாரும் பாக்கி இல்லம்மா. நிம்மதியா கெளம்பு" என்றார்.

நான் சொன்னதை நம்பி அம்மாவிடம் அதைச் சொன்னார்.

மாமா மகன் வீடியோவுக்காகத் தம்பியைக் கூப்பிட்டுப் பார்த்தான். சுவிட்ச் ஆஃப் என்று வந்தது. "பார்க்க மனசு தாங்கலையாம்" என்று நான் சொன்னேன். பெரியம்மா உதட்டைப் பிதுக்கினாள். ஆராதனை முடிந்தது. பன்னிரண்டரைக்குள் கல்லறைத் தோட்டத்தில் மண் தள்ளியாகிவிட்டது.

வீடு திரும்பி, வாசலில் தண்ணீர் வைத்துக் கை கால் கழுவிக்கொண்டிருந்தோம். ஐஸ்பெட்டிக்காரர் பெட்டியை வண்டியில் ஏற்றிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். இரண்டு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும். டாக்ஸி வந்து நின்றது. தோளில் ஒரு பையோடு தம்பி இறங்கினான். பெட்டியைப் பார்த்தான். அது காலியாக இருந்தது.

"என்னக்கா இது?"

வாசலைத் தாண்டிக் கூடத்தை எட்டிப் பார்த்தான்.

"நான் சொன்னேன்ல? நேத்து ராத்திரி சொன்னேன்லக்கா?"

மாமா முன்னால் வந்தார். "என்னடா சொன்னே? வரலைன்னுதானே சொன்னே?"

"இல்ல மாமா. அக்காகிட்ட நான்..."

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். என் கையில் தண்ணீர்ச் செம்பு இருந்தது. ஐஸ்பெட்டிக்காரரும் திரும்பிப் பார்த்தார். ஒரு கணம்தான். கயிற்றை விட்டுவிட்டு நேராகத் தம்பியிடம் போனார்.

"தம்பி, அக்கா மேல தப்பு இல்ல. என் மேலதான். நீங்க வர்றீங்கன்னு அக்கா நைட்டே என்கிட்ட சொல்லிட்டாங்க. நாலு மணிக்கு எடுக்கலாம்னுதான் இருந்துச்சு. விடியக்காலைல பெட்டி நின்னுபோச்சு. கம்ப்ரஸர் பூட்ச்சு. வேற பெட்டிக்கு அலஞ்சேன், கெடைக்கல. ஜனங்களுக்குத் தெரிஞ்சா அம்மாவுக்கு மரியாதை இல்லன்னு அக்கா யாருக்கும் சொல்லாம எடுக்கச் சொல்லிட்டாங்க."

தம்பி அவரையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு மாமாவிடம் திரும்பினான். "இப்பதானே மூடியிருப்பாங்க. மண்ணை எடுக்கச் சொல்லுங்க மாமா. நான் ஒரே ஒரு தடவை பார்க்கணும்."

"வேணாம் தம்பி" என்றார் ஐஸ்பெட்டிக்காரர். "பாக்கற மாதிரி இல்ல. நீங்க முன்ன பாத்த அம்மாவே மனசுல இருக்கட்டும்."

தம்பி அவரை அறைந்தான். சட்டையைப் பிடித்து உலுக்கினான். சட்டைப் பை கிழிந்து அவருடைய போன் தண்ணீர் தேங்கிய இடத்தில் விழுந்தது. அவர் கையைத் தூக்கவில்லை. மாமா வந்து விலக்கியதும் குனிந்து போனை எடுத்துத் துடைத்துக்கொண்டார். கயிற்றின் இன்னொரு முனையைக் கட்டினார். வண்டியை எடுத்துக்கொண்டு போனார். என்னைப் பார்க்கவில்லை.

நான் செம்போடு நின்றேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"காலையிலேயே நினைச்சேன்" என்றாள் பெரியம்மா. "பெட்டியிலேர்ந்து சத்தமே வரலை." அவள் அப்படிச் சொன்னதும் இன்னும் இரண்டு பேருக்கும் அது நினைவு வந்தது. அந்த இரவு முழுவதும் நான் பெட்டியின் மேல் தலை வைத்துப் படுத்திருந்தேன். கம்ப்ரஸர் ஒரு நிமிடம்கூட ஓயவில்லை.

தம்பி பத்து நாள் இருந்தான். "எல்லாத்தையும் தனியா தாங்கினியேக்கா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போன் செய்ய ஆரம்பித்தான். வருடத்துக்கு ஒருமுறை வந்தான். அம்மா இருந்தபோது இல்லாத தம்பி எனக்குக் கிடைத்தான். எப்படிக் கிடைத்தான் என்பது எனக்குத் தெரியும்.

சர்ச் வாட்ஸ்அப் குழுவில் அந்த வாரமே செய்தி வந்தது. அந்த ஆளுடைய பெட்டியைக் கூப்பிடாதீர்கள், பாதியில் நின்றுவிடுகிறது என்று. காலனி குழுவிலும் அதையே போட்டார்கள். கீழே வரிசையாகக் கைகூப்பும் படங்கள். நான் படித்தேன். பதிலாக எதையோ தட்டச்சு செய்தேன். அழித்தேன். கொஞ்ச நாளில் மேடவாக்கத்திலிருந்து புதுப் பெட்டியோடு வேறு ஆள் வர ஆரம்பித்தான். யார் எங்கிருந்து வர வேண்டும் என்றெல்லாம் அவன் கேட்பதில்லை. எத்தனை மணி நேரம் வேண்டும் என்று மட்டும் கேட்பான். டயர் கடைப் பக்கம் பஸ்ஸில் போகும்போதெல்லாம் அந்தக் கொட்டகையைப் பார்ப்பேன். ஒருநாள் அங்கே பழைய பேட்டரிகள் அடுக்கியிருந்தன.

மூன்று வருடம் கழித்து அவரைப் பெருங்களத்தூரில் பார்த்தேன். கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம். பெரியம்மாவை நாகர்கோவில் பஸ் ஏற்றிவிட்டுத் திரும்புகிறேன், டீக்கடையில் செக்யூரிட்டி உடையில் நின்றிருந்தார். அதையும் இஸ்திரி போட்டிருந்தார். பின்னால் எழும்பியிருந்த புதிய அடுக்குமாடிக் குடியிருப்பில் வாட்ச்மேன் வேலை. வீட்டையும் இடித்துவிட்டார்களாம். ஆற்றோரத்தில் இருந்தவர்களை எல்லாம் பெரும்பாக்கத்துக்கு அனுப்பியபோது அவரும் போயிருந்தார்.

"டீச்சரா? நல்லா கீறீங்களா? தம்பி வந்துகினு போய்க்கினு கீறாரா?"

"வர்றான். வருஷத்துக்கு ஒரு தடவை."

"அது போதும்" என்றார். எனக்கும் ஒரு டீ சொன்னார்.

கிளாஸைப் பிடித்துக்கொண்டு எப்படியோ கேட்டேன். "ஏன் அப்படிச் சொன்னீங்க? நான் கேட்கலையே."

அவர் ஜிஎஸ்டி ரோட்டைப் பார்த்தார். அசையாமல் நின்ற பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன.

"நான் சின்ன வயசுல லாரில கிளீனரா ஓடினேன். எங்கப்பா போனப்ப நாக்பூர்ல இருந்தேன். சேதி கெடச்சு, லாரி மாறி லாரி மாறி மூணாம் நாள் வந்து நிக்கறேன், எடுத்துட்டாங்க. எங்கண்ணன் காத்திருக்கல. ஏன்டா காத்திருக்கலன்னு கேட்டேன். நீ வருவேன்னு தோணலன்னான். அவ்ளோதான். இருவது வருசம் அவன் மூஞ்சில முழிக்கல. ஒருநாள் அவனும் செத்தான். நான் போவல." டீயை முடித்துவிட்டு கிளாஸை வைத்தார். "என் மேல கோவம் வந்தா உங்க தம்பிக்கு இன்னா நஷ்டம்? ரோட்ல போறவன். உங்க மேல வந்துச்சுன்னா அவருக்கு இந்த ஊர்ல வர்றதுக்கு வூடு ஏது?"

"நான் அவன்கிட்ட சொல்லிடறேன்" என்றேன்.

"விடுங்க டீச்சர். ஆச்சு."

விடுங்க என்று அவர் சொன்னதும் என் நெஞ்சில் இருந்து ஏதோ இறங்கியது. அதைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. அவருக்காக வருத்தப்பட வேண்டிய இடத்தில் எனக்கு நிம்மதி வந்தது. நல்லது என்று கும்பிட்டுவிட்டு வந்துவிட்டேன்.

இந்த வருட ஆரம்பத்தில் பெரும்பாக்கத்தில் வாக்காளர் பட்டியல் சரிபார்க்கும் வேலை எனக்குப் போட்டார்கள். ஒவ்வொரு பிளாக்காக ஏறி, கதவைத் தட்டி, இந்த முகவரியில் இன்னார் இருக்கிறாரா என்று கேட்க வேண்டும். ஐந்தாவது மாடியில் ஒரு கதவு. நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க பெண்மணி திறந்தார். பட்டியலில் இருந்த ஆண் பெயரைப் படித்தேன்.

"அவரு போயி ஒரு வருசம் ஆவுதும்மா. மாரடைப்பு" என்றார். உள்ளே சுவரில் மாலை போட்ட படம். இஸ்திரி போட்ட சட்டை.

அவருடைய பெயரை நான் அப்போதுதான் தெரிந்துகொண்டேன். அதற்கு எதிரே 'இறந்தவர்' என்று நான்தான் எழுத வேண்டும். எழுதினேன். பேனா அங்கேயே நின்றது.

"அவருக்கு ஐஸ்பெட்டி இருந்துச்சுல்ல?" என்றேன்.

"உங்களுக்குத் தெரியுமா?" அந்த அம்மாள் முகம் மலர்ந்தது. உள்ளே வந்து உட்காரச் சொன்னார். தண்ணீர் கொடுத்தார். "நல்லா ஓடிக்கினு இருந்த தொழிலு. ஒருத்தர் வூட்ல பெட்டி நின்னுபோச்சாம். டீச்சர் ஒருத்தங்க வூடு. அதோட போச்சு. நான்தான் அன்னிக்கி அந்தப் பெட்டிய தொடச்சேன். நல்லாதான் இருந்துச்சு. சுவிட்ச் போட்டா ஓடுச்சு. கேட்டா, 'இப்ப ஓடும், அப்ப ஓடல'ன்னு சொல்லிட்டாரு. நான் ஏசினேன். பெட்டிய ஒழுங்கா பாத்துக்க மாட்டியா, சோத்துல மண்ண போட்டுக்கினியேன்னு சாவற வரைக்கும் ஏசினேன்."

வீட்டுக்காரியிடம்கூடச் சொல்லவில்லை.

"பெட்டி நிக்கலைம்மா" என்றேன். "அது எங்க வீடுதான். பெட்டி நல்லா ஓடிச்சு. பொய் சொன்னது நான்." ஆரம்பித்த பிறகு நிறுத்த முடியவில்லை. அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்த போன் வரை எல்லாவற்றையும் சொன்னேன்.

அந்த அம்மாள் கத்தவில்லை. வெளியே போ என்று சொல்லவில்லை. படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அப்போ இன்னாத்துக்கு அடி வாங்கிக்கினு வந்தாரு?" என்றார்.

படிவத்தில் அவர் கையெழுத்துப் போட்டார். நான் வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தேன். மத்தியானம் ஒரு மணி. மெல்போர்னில் சாயங்காலம் ஆறரை. ஞாயிறு வரை பொறுத்தால் சொல்ல மாட்டேன் என்று தெரிந்தது. அங்கேயே தம்பியைக் கூப்பிட்டேன்.

"என்னக்கா, வார நாள்ல?"

சொன்னேன். எதையும் மெருகேற்றாமல், எனக்காக ஒரு காரணமும் சேர்க்காமல். பெட்டி நின்றது பொய். உன் போன் வந்தது உண்மை. நீ அடித்தது தப்பான ஆளை. அவர் இப்போது இல்லை.

போனில் ஒரு கார்க் கதவு மூடும் சத்தம் கேட்டது. மேல் மாடியிலிருந்து குடத்தோடு இறங்கிய ஒரு பெண் என்னைத் தாண்டிப் போனாள். லைன் கட்டாகிவிட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். நேரம் ஓடிக்கொண்டிருந்தது.

"அக்கா" என்றான்.

"சொல்லுடா."

"அப்போ அம்மா முகம் நல்லாத்தான் இருந்துச்சா?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகுதான், 'பாக்கற மாதிரி இல்ல' என்று ஐஸ்பெட்டிக்காரர் அன்று அவனிடம் சொன்னது நினைவுக்கு வந்தது.

"நல்லா இருந்துச்சுடா. தூங்கற மாதிரி இருந்தாங்க. நீல பார்டர் போட்ட வெள்ளைப் புடவை. தலையை நான்தான் வாரிவிட்டேன். ஒண்ணுமே ஆகலைடா. ஒண்ணுமே ஆகலை."

"ஏழு வருஷமா" என்றான். "ஏழு வருஷமா கண்ணை மூடினா வேற ஒரு முகம்தான்க்கா எனக்கு வருது. அதனாலதான் போட்டோ எதையும் அனுப்பாதேன்னு சொன்னேன்."

போனை வைத்துவிட்டான்.

அந்த வார ஞாயிறு அவன் அழைக்கவில்லை. அடுத்த ஞாயிறும் இல்லை. ஐந்து மாதமாகிவிட்டது. அடக்கத்தன்று மாமா மகன் எடுத்த படங்கள் பன்னிரண்டு என்னிடம் இருந்தன. அம்மா பெட்டிக்குள் பூக்களோடு படுத்திருக்கும் படங்கள். அவற்றைத் தம்பிக்கு அனுப்பிவைத்தேன். எல்லாவற்றையும் பார்த்துவிட்டான். வாட்ஸ்அப்பில் நீல டிக்குகள் விழுந்துவிட்டன. பதில் இல்லை.